எங்கிருந்து தொடங்குவது: மேல்நிலைக்குத் திரும்புகிறவர்களும் கணக்கும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் தலைப்பு பெரிதாக இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. நான் எடுத்துக்கொண்டிருப்பது சின்ன விஷயம். பத்தாம் வகுப்பை முடித்து, ஒன்றிரண்டு ஆண்டுகள் பள்ளிக்கு வெளியே இருந்துவிட்டு, மறுபடியும் பிளஸ் ஒன் சேர வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கு உள்ள பிரிவை எடுக்க நினைத்தால், ஜூனில் பள்ளி திறப்பதற்குள் என்ன படித்துக்கொண்டு வர வேண்டும்? இவ்வளவுதான் கேள்வி.

யார் இவர்கள்? திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, படிப்பே மேல் என்று திரும்பி வருகிற பையன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் வீட்டோடு நின்றுவிட்ட பெண். பாலிடெக்னிக்கில் சேர்ந்து, ஒத்துவராமல் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்தவர். பத்தாம் வகுப்பில் தவறி, பிறகு தனித்தேர்வராக எழுதித் தேறியவர். கதைகள் வேறு வேறு. சேர்க்கை மேசைக்கு முன்னால் வந்து நின்றதும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “மேத்ஸ் டச் விட்டுப்போச்சு சார்.” நாம் சொல்கிற பதிலும் ஒன்றுதான்: “பத்தாவது புக்கை எடுத்து முதல்லேர்ந்து ஒருவாட்டி போட்டுப் பாருப்பா.”

அந்தப் பதில் தப்பு. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நம் பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மொத்தம் 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண்ணில் 10 எழுத வேண்டும், ஐந்து மதிப்பெண்ணில் 10. கடைசியில் எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு: ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். தேர்ச்சிக்கு 35. இப்போது கணக்கு வராத ஒரு மாணவரை எப்படித் தேற வைக்கிறோம் என்பது இந்த அவையில் உள்ள ஆசிரியர்களுக்குத் தெரியும். ஜியோமெட்ரியில் வடிவொத்த முக்கோணமும் தொடுகோடும் கை பழகும்வரை வரைய விடுகிறோம், அதில் 8. கிராஃபில் 8. பயிற்சியின் கடைசியில் உள்ள ஒன் மார்க் வினாக்களைத் திரும்பத் திரும்ப எழுதவைத்து 14-க்குப் பக்கத்தில் கொண்டுவருகிறோம். தேல்ஸ் தேற்றத்தையோ பிதாகரஸ் தேற்றத்தையோ எழுத்துக்கு எழுத்து ஒப்பிக்கச் செய்து ஒரு 5. முடிந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் இந்த நாட்டில் ஓட்டுநர் வேலைக்குக்கூட விண்ணப்பம் போடச் சங்கடப்பட வேண்டியிருக்கிறது. அந்தச் சான்றிதழை வாங்கிக் கொடுத்த ஆசிரியரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த 35-க்குள் இயற்கணிதம் ஒரு துளியும் இல்லாமல் போகலாம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 35 என்ன, அறுபது வாங்கியவரிடம்கூட அது இல்லாமல் இருக்க வழியுண்டு. 2020-லும் 2021-லும் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கோ கொரோனாவால் அந்தத் தேர்வே நடக்கவில்லை. எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள்.

ஆக, திரும்பி வருகிறவரிடம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும்? முதல் பாடம் உறவுகளும் சார்புகளும். பார்க்க எளிது, அம்புக்குறிப் படம் போடுவார், நம்பிக்கை வரும். இரண்டாம் பாடம் எண்களும் தொடர்வரிசைகளும். சூத்திரத்தில் எண்ணைப் போட்டு ஓரளவு ஓட்டிவிடுவார். மூன்றாம் பாடம் இயற்கணிதம். அங்கே பல்லுறுப்புக் கோவைகளின் பின்னங்களைக் கூட்டச் சொல்லும்போது புத்தகம் மூடப்படும். “மறந்துபோச்சு” என்பார். உண்மையில் அதில் பாதி மறந்துபோனது இல்லை, முதலிலிருந்தே வராதது.

ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். இங்கே கரும்பலகை கிடையாது. வாயாலேயே சொல்கிறேன், நீங்கள் மனத்துக்குள் எழுதிக்கொண்டே வாருங்கள். பிளஸ் ஒன் இரண்டாம் தொகுதியில் வகையிடல் வருகிறது. ஒன் பை எக்ஸ் என்ற சார்பின் வகைக்கெழுவை முதல் கொள்கையிலிருந்து காண வேண்டும். எக்ஸ் உள்ள இடத்தில் எக்ஸ் பிளஸ் ஹெச் போடுகிறோம். கிடைத்ததிலிருந்து பழைய ஒன் பை எக்ஸைக் கழிக்கிறோம். இரண்டும் பின்னங்கள், பகுதிகள் வேறு வேறு. பொதுப் பகுதிக்குக் கொண்டுவர வேண்டும். இது ஆறாம் வகுப்பு வேலை. அப்போது தொகுதியில், எக்ஸிலிருந்து எக்ஸ் பிளஸ் ஹெச் என்ற முழு அடைப்பையும் கழிக்க வேண்டும். அடைப்புக்கு முன்னால் நிற்கும் மைனஸ் உள்ளே இருக்கும் இரண்டு உறுப்புகளுக்கும் போக வேண்டும். ஏழாம் வகுப்பு வேலை. மிஞ்சுவது மைனஸ் ஹெச். பிறகு அந்தப் பின்னம் முழுவதையும் ஹெச்சால் வகுக்க வேண்டும். பின்னத்தை ஓர் எண்ணால் வகுப்பது என்றால் அந்த எண்ணின் தலைகீழியால் பெருக்குவது. மறுபடியும் கீழ் வகுப்புதான். மேலேயும் கீழேயும் உள்ள ஹெச் பொதுக் காரணி, ஆகவே அடிபடுகிறது. எட்டாம் வகுப்பு. இப்போது ஹெச்சைப் பூச்சியத்துக்கு நெருங்க விடுகிறோம். விடை, மைனஸ் ஒன் பை எக்ஸ் ஸ்கொயர். இந்தக் கடைசி வரி மட்டும்தான் பதினொன்றாம் வகுப்பு.

எல்லை என்ற கருத்து தனக்கு ஏறவில்லை என்று மாணவர் நினைத்துக்கொள்கிறார். ஆசிரியரும் அப்படியே நினைத்து, எல்லையைப் பற்றி இன்னொரு தடவை விளக்குகிறார். மாணவர் வழுக்கியதோ இரண்டாவது வரியில். முக்கோணவியலிலும் இதே கதை. பத்தாம் வகுப்பில் செங்கோண முக்கோணத்தை விட்டு வெளியே போகாமல் உயரங்களும் தொலைவுகளும் கண்டுபிடித்தவர், பிளஸ் ஒன்னில் ஆரையன் அளவைக்கு வருகிறார். பை வகுத்தல் 6-ஐயும் பை வகுத்தல் 4-ஐயும் கூட்டச் சொன்னால், பை வகுத்தல் 10 என்று எழுதுகிறார். 5 பை வகுத்தல் 12 என்று வருவதற்கு முக்கோணவியல் எதுவும் தேவைப்படவில்லை. 6-க்கும் 4-க்கும் மீ.பொ.ம. 12 என்பது தெரிந்தால் போதும்.

இதனால் நான் சொல்வது: திரும்பி வருகிறவர் புரட்ட வேண்டியது பத்தாம் வகுப்புப் புத்தகத்தை இல்லை. ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளில் மூன்றே மூன்று இடங்களை. பின்னம், மைனஸ் குறி, சமன்பாடு. இந்த மூன்றும் கையில் இருந்தால் மிச்சத்தைப் பிளஸ் ஒன் வகுப்பிலேயே பிடித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை மூன்று முறை முடித்தாலும் நிற்காது.

இன்றைய தலைமுறைக்கு இதில் ஒரு கூடுதல் காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினோம். ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. 2020 ஜூனில் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய பிள்ளை, இடைநிற்காமல் வந்திருந்தால், 2025-26இல் பிளஸ் ஒன். அதாவது பின்னத்துக்கும் முழுக்களுக்கும் எழுத்துக் கணக்குக்கும் உரிய காலம் கைபேசித் திரையிலும், அதுவும் இல்லாத வீடுகளில் சும்மாவும் கழிந்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்புகள் ஓரளவு கைகொடுத்தன. மாநிலக் கல்வியியல் நிறுவனம் அப்போது வகுப்புவாரியாக வெளியிட்ட புத்தாக்கப் பயிற்சிக் கட்டகங்கள் நல்ல முயற்சி. அவற்றைத் தேடி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், இன்னமும் பயன்படும்.

பின்னத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ராபர்ட் சீக்லர் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து திரட்டிய தரவு அது. பத்து வயதில் ஒரு பிள்ளைக்குப் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு தெரிந்திருந்தது என்பது, உயர்நிலைப் பள்ளியில் அதே பிள்ளைக்கு இயற்கணிதம் எவ்வளவு வந்தது என்பதை முன்கூட்டியே காட்டியது. குடும்ப வருமானத்தையும் பொது அறிவுத்திறனையும் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தொடர்பு போகவில்லை. கூட்டலும் கழித்தலும் அந்த அளவுக்கு எதையும் காட்டவில்லை. பின்னம் ஏன் இப்படி வாசலில் நிற்கிறது என்று யோசித்தால் காரணம் கிடைக்கிறது: ஒரு எண் இரண்டு எண்களால் எழுதப்பட்டிருக்கிறது, அந்த இரண்டுக்கும் இடையே உள்ள உறவுதான் எண் என்று ஒருவர் முதன்முதலாக ஏற்றுக்கொள்ள வேண்டிய இடம் அது. அதை ஏற்காதவர் 2/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டும்போது மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி 3/7 என்று எழுதுவார். 3/7 பாதிக்கும் குறைவு. 2/3 பாதிக்கு மேல். கூட்டிய பிறகு குறைந்துவிட்டதே என்ற திகைப்பு அவருக்கு வராது, ஏனென்றால் அவர் எண்ணைப் பார்க்கவில்லை, நான்கு இலக்கங்களைப் பார்க்கிறார்.

நம் ஊரில் பின்னம் இப்படி அந்நியமாக இருந்ததில்லை. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை வாய்விட்டுச் சொல்லிப் படித்த பிள்ளைகள் முழு எண் வாய்ப்பாட்டோடு பின்ன வாய்ப்பாட்டையும் சேர்த்தே படித்தார்கள். முக்கால், அரை, கால், அரைக்கால், அதில் பாதி மாகாணி என்கிற 1/16. இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, 320இல் ஒன்று முந்திரி. அந்த முந்திரியையே ஒன்றாகக் கொண்டு அதற்குக் கீழே இன்னொரு வரிசை. நெல் அளப்பவருக்கும் நிலம் அளப்பவருக்கும் அது அன்றாடத் தேவை. அந்த முறையில் அடியும் உண்டு, சாதியும் உண்டு. அதைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. ஆனால் பின்னம் நாவில் இருந்தது. ரூபாய்க்கு 16 அணா இருந்தவரைக்கும் கடைத்தெருவிலும் இருந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது, பிறகு மெட்ரிக் அளவைகள் வந்தன. கணக்கு எளிதானது, பின்னம் பாடப்புத்தகத்துக்குள் போய் ஒடுங்கிக்கொண்டது. இப்போதும் அது ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு: அரைக்கால் கிலோ, முக்கால் மணி நேரம், ஒன்றரை வட்டி. வேலைக்குப் போய்த் திரும்பியவரிடம் பின்னத்தைத் தொடங்க இவைதான் நல்ல இடம். வட்டி என்றால் எல்லோருக்கும் கவனம் வந்துவிடும்.

வேலைக்குப் போனவர்களைப் பற்றிச் சொல்லும்போது பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரம் நினைவுக்கு வருகிறது. அங்கே தெருவில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளிடம் தெரசினியா நூனெஸ், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகிய ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் போலப் போய் விலை கேட்டார்கள். பிறகு அதே மாதிரிக் கணக்குகளைத் தாளில் கொடுத்தார்கள். 1985இல் முடிவுகள் வெளிவந்தன. தெருவில் 98 விழுக்காடு சரி. தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37. தேங்காய் ஒன்று 35, பத்து எவ்வளவு என்று பன்னிரண்டு வயதுப் பையனைக் கேட்டதற்கு, அவன் பூச்சியம் சேர்க்கவில்லை. மூன்றுக்கு 105, இன்னொரு மூன்றுக்கு 210 என்று ஏறிப்போய் 350-ஐத் தொட்டான். நான்கு தேங்காய்க்கும் சரியாக 140 என்று சொன்னான். அதே 35-ஐ நான்கால் பெருக்கு என்று தாளில் கொடுத்ததும், மீதம் வைத்ததை முதலில் கூட்டிப் பிறகு பெருக்கி, 200 என்று எழுதினான். 140 சொன்னவனுக்கு 200 உறுத்தவில்லை. தாளில் இருப்பது வேறு உலகம், அதில் விடை எதுவாகவும் இருக்கலாம்.

திருப்பூர்ப் பையனுக்கும் இது பொருந்தும். பீஸ் ரேட்டு, டஜன், வாரக் கூலி, பிடித்தம் போக மிச்சம் எல்லாம் அவனுக்கு மனக்கணக்கு. அந்தத் திறமையை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நாம் பாடம் நடத்தினால் நஷ்டம் நமக்குத்தான். கூலியில் பதினாறில் ஒன்று பிடித்தால் கையில் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, அவன் போட்ட வழியையே தாளில் எழுதச் சொல்லுங்கள். அவன் எழுதுவதுதான் இயற்கணிதத்தின் முதல் வரி.

மைனஸ் குறியில் அதிக நேரம் செலவிட வேண்டாம், ஆனால் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். கடனையும் சொத்தையும் வைத்துக் குறை எண்களுக்கு விதி எழுதியவர் பிரம்மகுப்தர், 628இல். 1758இல் லண்டனில் பிரான்சிஸ் மாசரெஸ் என்ற கணித அறிஞர், குறை எண்களை இயற்கணிதத்திலிருந்து விலக்கிவைக்க வேண்டும் என்று தனி நூலே எழுதினார். ஆயிரத்து நூறு ஆண்டுக்குப் பிறகும் படித்தவர்களை அது தொந்தரவு செய்திருக்கிறது. மைனஸும் மைனஸும் பெருக்கினால் ஏன் பிளஸ் என்று கேட்கிற மாணவரிடம் “அதெல்லாம் அப்படித்தான்” என்று சொல்லாதீர்கள். அவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். வரிசை எழுதச் சொல்லுங்கள்: மைனஸ் 3-ஐ 2ஆல், 1ஆல், 0ஆல் பெருக்கட்டும். மைனஸ் 6, மைனஸ் 3, 0. மூன்று மூன்றாக ஏறுகிறது. அடுத்து மைனஸ் 1ஆல் பெருக்கினால் என்ன வரவேண்டும் என்று வரிசையே சொல்லும்.

சமன்பாட்டில் நம் பிள்ளைகளுக்கு ஒரு மந்திரம் உண்டு: “இந்தப் பக்கம் பிளஸ்ஸுன்னா அந்தப் பக்கம் போனா மைனஸ்.” இதனால் எட்டாம் வகுப்பைக் கடந்துவிடலாம். பிறகு இரண்டு பக்கமும் பின்னமும் வர்க்கமூலமும் வரும்போது எது எங்கே போனால் என்ன ஆகும் என்று தெரியாமல் நிற்பார்கள். கோளாறு மந்திரத்துக்கு முன்பே தொடங்குகிறது. 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எட்டும் நான்கும் சமம் ஒரு கட்டமும் ஐந்தும், கட்டத்தில் என்ன எண் வரும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரிடம் கேட்டார்கள். 7 என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எல்லோரும் 12 அல்லது 17. சமக்குறி என்றால் “விடையை இங்கே எழுது” என்ற கட்டளையாக அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கால்குலேட்டரில் அது அப்படித்தானே வேலை செய்கிறது. தராசின் இரண்டு தட்டிலும் ஒரே எடையை எடுக்கலாம், ஒரே எடையைப் போடலாம், முள் நகராது என்பதை மாணவர் தன் கையால் சில நாட்கள் எழுதிப் பழக வேண்டும். இடப்பக்கம் 5 கூட்டினேன், வலப்பக்கமும் 5 கூட்டினேன் என்று வரிக்கு வரி. மெதுவாக இருக்கும். மந்திரத்தை அதற்குப் பிறகு அவரே கண்டுபிடித்துக்கொள்வார்.

இதெல்லாம் யாருக்கு எந்த இடத்தில் விட்டுப்போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மதிப்பெண் பட்டியலால் முடியாது. 1973இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனைப் பற்றி எழுதினார். கட்டுரையில் அவனுக்குப் பென்னி என்று பெயர். பயிற்சித்தாளை முடித்து, தேர்வு எழுதி, அடுத்த தாளுக்குப் போகும் திட்டத்தில் அவன் படித்தான். நன்றாகப் போகிற பிள்ளைகளில் ஒருவன் என்று ஆசிரியை நினைத்திருந்தார். உட்கார்ந்து பேசிப் பார்த்தால், 2/10 என்பது 1.2 என்றான் பென்னி. 4/11-உம் 11/4-உம் இரண்டுமே 1.5 என்றான். மேலும் கீழும் கூட்டிப் புள்ளி வைப்பது அவன் தானே உண்டாக்கிக்கொண்ட விதி. கவனிக்க வேண்டியது, அவன் தாறுமாறாகப் போடவில்லை. தவறான விதியைச் சரியாகப் பின்பற்றினான். விடைத்தாளில் குறுக்குக் கோடு போடுவதால் அந்த விதி அழியாது.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது ஒரு பக்கத் தாள். சேர்க்கை நாளன்றே, பெஞ்சில் உட்காரவைத்து, மதிப்பெண் கிடையாது என்று முதலிலேயே சொல்லிக் கொடுங்கள். அதில் 2/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டுவது இருக்கட்டும். மைனஸ் 3-லிருந்து 7-ஐக் கழிப்பது இருக்கட்டும். மைனஸ் 2-ஐ எக்ஸ் மைனஸ் 3 என்ற அடைப்பால் பெருக்குவது. கடைசியில் மைனஸ் 6 எழுதுகிறாரா பிளஸ் 6 எழுதுகிறாரா என்று பாருங்கள். எக்ஸ் பிளஸ் 6-ஐ எக்ஸால் வகுக்கும் பின்னத்தைக் கொடுங்கள்; பாதிப் பேர் மேலேயும் கீழேயும் எக்ஸை அடித்துவிட்டு 6 என்பார்கள். 9-உம் 16-உம் கூட்டியதன் வர்க்கமூலம். 5-க்குப் பதிலாக 7 என்று வரும். 8-உம் 4-உம் சமம் கட்டமும் 5-உம். தாள் முடிந்ததும் திருத்தாதீர்கள். “எப்படிப் போட்டேன்னு சொல்லும்மா” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். ஆசிரியர்களுக்கு இந்தக் கடைசிப் பகுதிதான் கஷ்டம்.

தனியாக வீட்டில் படித்துக்கொண்டு வருகிறவருக்கு ஆசிரியர் கிடையாது, டியூஷனுக்குக் காசு கிடையாது. அவருக்கு ஒரே ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கலாம்: எண்ணைப் போட்டுப் பார். ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் என்பது ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயரா? ஏ 3, பி 4 என்று வை. இந்தப் பக்கம் 49, அந்தப் பக்கம் 25. இல்லை. எக்ஸை அடித்துவிட்டால் 6 வருமா? எக்ஸ் 2 என்று வை; 8-ஐ 2ஆல் வகுத்தால் 4. இல்லை. கைடு புத்தகத்தின் பின்னால் விடையைத் தேடிப் புரட்டுவதைவிட இது வேகமானது. தன் விடை சரியா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் முதல்முறையாக அவர் கைக்கு வருகிறது. 0-வையும் 1-ஐயும் போட வேண்டாம் என்று மட்டும் எச்சரித்து வையுங்கள், அவை பொய்ச் சாட்சி சொல்லக்கூடியவை. எண் பொருந்திவிட்டால் நிரூபணம் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை என்பதையும் பின்னால் ஒரு நாள் சொல்லிக்கொள்ளலாம்.

எத்தனை நாள் என்று கேட்பீர்கள். தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கோடை விடுமுறை போதும். ஒரேயடியாக ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்காருவதில் பலன் இல்லை. இடைவெளி விட்டு, நேற்றைய கணக்கைப் பார்க்காமல் மறுபடி போடுவதில்தான் இருக்கிறது. இன்னொன்றையும் சொல்கிறேன், இது நான் இதுவரை சொன்னதற்கு எதிராகத் தோன்றலாம். அந்த மூன்று இடங்களிலும் பூரணமாகும்வரை காத்திருக்கக் கூடாது. பாரிக், ஹால் என்ற ஆய்வாளர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பள்ளியில் படித்த இயற்கணிதம் ஐம்பது ஆண்டுகள் கழித்து யாருக்கு நினைவில் நின்றது என்று பார்த்தார்கள். இயற்கணிதத்தோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு, நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்கும்கூட, படிப்படியாகக் கரைந்துபோயிருந்தது. அதற்கு மேலே நுண்கணிதம்வரை போனவர்களுக்கு ஏறக்குறைய அப்படியே இருந்தது. கீழே உள்ளது கெட்டிப்படுவது மேலே உள்ளதில் அதைப் பயன்படுத்தும்போதுதான். எனவே மே கடைசியில், பின்னம் முக்கால்வாசி வந்ததும், பிளஸ் ஒன் முதல் தொகுதியைத் திறந்துவிட வேண்டும். கணங்களில் தொடங்கி, அடிப்படை இயற்கணிதத்தில் பகுதிப் பின்னங்களுக்கு வரும்போது, ஆறாம் வகுப்புப் பின்னம் தானாக மறுபடி எழுந்து வரும். இந்த முறை தேவையோடு வரும்.

இந்த இடத்தில் யாராவது ராமானுஜன் பெயரைச் சொல்வார்கள். கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தவர், பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர், ஆகவே தோல்வி ஒரு பொருட்டல்ல என்று. தயவுசெய்து அவரை விட்டுவிடுங்கள். அவர் தவறியது கணக்கைத் தவிர மற்றதில். பின்னம் கூட்டத் தெரியாமல் கூனிக் குறுகி நிற்கிற பெண்ணுக்கு அவர் கதை ஒரு ஆறுதலும் தராது, சுமையைத்தான் கூட்டும். 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதக் கல்வி பற்றி அறிக்கை எழுதிய குழு, பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கணக்கின்மேல் உள்ள அச்சத்தையும் தோல்வி உணர்வையும் பிரச்சினைகளின் பட்டியலில் முதலில் வைத்தது. அச்சத்துக்கு மருந்து மேதைகளின் வரலாறு கிடையாது. நேற்று வராத ஒரு கணக்கு இன்று வந்தது என்பது மட்டும்தான்.

ஆசிரிய நண்பர்கள் ஒரு நியாயமான கேள்வியை வைத்திருப்பீர்கள். ஜூனில் சேர்த்துக்கொண்டு, தாள் கொடுத்து, கேட்டு, திருத்தி, இவ்வளவும் செய்தால் சிலபஸ் எப்போது முடியும்? பிளஸ் ஒன்னில் இரண்டு தொகுதி, பன்னிரண்டு பாடம். நான் வகுப்பு முழுவதற்கும் இதைச் செய்யச் சொல்லவில்லை. ஐம்பது பேரில் திரும்பி வந்தவர்கள் நான்கைந்து பேர் இருப்பார்கள். இடைவெளி விடாமல் வந்தவர்களில் தாளில் சறுக்குகிறவர்கள் இன்னும் பத்துப் பேர் கிடைப்பார்கள், அது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். அவர்களுக்கு முதல் மாதம் மாலையில் முக்கால் மணி நேரம். ஆறாம் வகுப்புப் புத்தகத்தை அட்டை தெரியும்படி வைத்துக் கொடுக்காதீர்கள், கணக்கை மட்டும் எடுத்துத் தாளில் கொடுங்கள். பதினெட்டு வயதுப் பையனின் மானம் சின்ன விஷயமில்லை. முடிந்தால் நன்றாகப் போடுகிற ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

ஆகஸ்டுவரை பார்த்தும் பிடிபடவில்லை என்றால் பிரிவு மாறலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். மாறலாம், அதில் கேவலம் ஒன்றுமில்லை. பொறியியல்தான் எண்ணம் என்றால் மட்டும் யோசித்துச் செய்ய வேண்டும். ஆனால் கணக்கிலிருந்து தப்பிக்க வணிகக் கணிதம் உள்ள பிரிவுக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்தப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிக் காட்டிவிட்டு அனுப்புங்கள். முதல் பாடமே அணிகளும் அணிக்கோவைகளும். உள்ளே முக்கோணவியல் இருக்கிறது, வகை நுண்கணிதம் இருக்கிறது. சேர்க்கை மேசையில் கொடுத்த அதே ஒரு பக்கத் தாளை அங்கேயும் கொடுக்க வேண்டியிருக்கும்.